மலக்குகள் ஸலாம் சொன்ன நோயாளி: இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி)

 



நோய் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது காய்ச்சல்தான். மூன்று நாள் படுத்திருப்போம், கஞ்சி குடிப்போம், மாத்திரை சாப்பிடுவோம், நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போவோம். ஆனால் நம் மஹல்லாவில் வேறு விதமான நோயாளிகளும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து ஐந்து வருடமாகப் படுக்கையில் இருப்பவர், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருபவர், சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்ட நோய்களோடு காலம் தள்ளுபவர். பிறந்ததிலிருந்தே தூக்கி எடுத்து வளர்க்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு நான்காம் நாள் எழுந்து நடப்பது என்பதே கிடையாது. இவர்களைக் கவனிப்பவர்களுக்கும் விடுமுறை கிடையாது.

நீண்ட நோய் என்றதும் நம் உள்ளத்தில் வருபவர்கள் நபி அய்யூப் (அலை) அவர்கள். அவர்களைப் பற்றி நிறைய பயான்களில் கேட்டிருக்கிறோம். இன்று நபித்தோழர்களில் ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் அவர்களின் பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் முப்பது ஆண்டு நோய் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள்தான் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி).

கொடி பிடித்த கை

குஸாஆ கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். அபூ நுஜைத் என்பது அவர்களின் குன்யத். ஹிஜ்ரி 7ல், கைபர் போர் நடந்த ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு வந்ததும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு, ஹிஜ்ரி 8ல், மக்கா வெற்றியின்போது குஸாஆ கோத்திரத்தாரின் கொடி இம்ரான் (ரலி) அவர்களின் கையில் இருந்தது. ஒரு கோத்திரத்தின் கொடியை யாரிடம் கொடுப்பார்கள்? உடலிலும் உள்ளத்திலும் வலுவுள்ளவரிடம்தான் கொடுப்பார்கள்.

நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்த அந்த வலது கையை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் தெரியுமா? அந்த நாளிலிருந்து தம் மறைவிடத்தை அந்தக் கையால் தொட்டதே இல்லை என்று அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நோயைப் பற்றிக் கேட்கும்போதுதான் இந்தச் செய்தியின் கனம் புரியும்.

உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலத்தில், புதிதாக எழுந்திருந்த பஸரா நகர மக்களுக்கு மார்க்கம் கற்றுக்கொடுக்க இம்ரான் (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அங்கேயே தங்கினார்கள். சிறிது காலம் காழியாகவும் இருந்து, பிறகு தாமாகவே அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். பஸராவுக்கு வந்தவர்களில் இவர்களைவிடச் சிறந்தவர் இல்லை என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் போற்றும் அளவுக்கு அந்த ஊரில் அவர்களுக்கு மதிப்பு இருந்தது. அவர்கள் வழியாக சுமார் 180 ஹதீஸ்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு நோயாளி கேட்ட கேள்வி

அந்த ஹதீஸ்களில் ஒன்றை உங்களில் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் பயன்படுத்தியிருப்பீர்கள், அல்லது பயன்படுத்தப் போகிறீர்கள்.

இம்ரான் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய். இன்றும் எத்தனையோ பேர் அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்து, முற்றிய பிறகு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். இம்ரான் (ரலி) அவர்கள் கூச்சப்படவில்லை. நேராக நபி (ஸல்) அவர்களிடமே போய், இந்த நிலையில் எப்படித் தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழும்படியும், நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழும்படியும், அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது.

இன்று பள்ளிவாசலின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழும் பெரியவரும், மருத்துவமனைக் கட்டிலில் தலையசைத்துத் தொழும் தாயும் அந்தக் கேள்வியின் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள். ஒரு நோயாளி தன் நோயைச் சொல்லிக் கேட்ட ஒரு கேள்வி, 1400 ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு வழி திறந்து வைத்திருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் குளிப்பு கடமையாகி, தொழாமல் ஒதுங்கி நின்ற ஒருவருக்கு, சுத்தமான மண் போதும் என்று ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியையும் அறிவிப்பவர்கள் இதே இம்ரான் (ரலி) அவர்கள்தான். மார்க்கம் முடியாதவருக்கு எப்படி வழிவிடுகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள், காதால் கேட்டார்கள், பிறகு தம் உடலிலேயே அனுபவித்தார்கள்.

முப்பது ஆண்டுகள்

அதன் பிறகு வந்ததுதான் பெரிய சோதனை. வயிறு வீங்கி நீர் கோத்துக்கொள்ளும் நோய் அவர்களைப் பிடித்தது. அது முப்பது ஆண்டுகள் நீடித்தது என்று இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் அறிவிக்கிறார்கள். முப்பது மாதம் அல்ல, சகோதரர்களே, முப்பது ஆண்டு!

நோய் முற்றிய நிலையில், எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மல்லாந்து கிடந்தார்கள். பேரீச்சை மட்டையால் ஆன கட்டில். இயற்கைத் தேவைக்காக அந்தக் கட்டிலிலேயே ஓர் ஓட்டை வெட்டப்பட்டிருந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதை எழுதுகிறார்கள்.

மக்கா வெற்றியின்போது கோத்திரத்தின் கொடியைப் பிடித்தவர்கள். பைஅத் செய்த கையின் சுத்தத்தை வாழ்நாள் முழுவதும் காத்தவர்கள். அவர்களுக்குத்தான் இந்த நிலை. படுக்கையில் இருக்கும் உங்கள் தந்தை, ஆடை மாற்றும்போது ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? வலியைத் தாங்கிக்கொள்ள அவர் பழகிவிட்டார். பிறர் கையில் தம் மறைவிடத்தை ஒப்படைக்கும் வெட்கத்திற்கு மட்டும் அவரால் பழக முடியவில்லை. கதவைச் சாத்துங்கள், துணியால் மறைத்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள், மூக்கைச் சுளிக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் காக்கும் மானம் உங்களை வளர்த்தவரின் மானம்.

அந்தக் கட்டிலைப் பற்றி இன்னொன்றையும் யோசியுங்கள். ஓட்டை தானாக வரவில்லை. யாரோ ஒருவர் அவர்களின் சிரமத்தைப் பார்த்து, மட்டையை அளந்து வெட்டியிருக்கிறார். யாரோ ஒருவர் தினமும் அதன் கீழே சுத்தம் செய்திருக்கிறார், புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார், உளூவுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். முப்பது ஆண்டு நோயாளியைத் தனி ஆளாக யாராலும் வாழ வைக்க முடியாது. அந்தச் செய்தியில் இவர்கள் யாருடைய பெயரும் சொல்லப்படவில்லை. அல்லாஹ்வின் ஏட்டில் நிச்சயம் இருக்கும்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாமியாருக்குத் துணி மாற்றும் சகோதரியே, உங்கள் பெயரும் எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. அதற்காக அது பதியப்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

நேற்று நடந்தார், இன்று முடியவில்லை

இம்ரான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 52ல் வஃபாத்தானார்கள். அதிலிருந்து முப்பது ஆண்டு பின்னால் எண்ணிப் பாருங்கள், ஹிஜ்ரி 22 அளவில் நோய் தொடங்கியிருக்க வேண்டும். ஹிஜ்ரி 36ல் அலீ (ரலி) அவர்கள் பஸராவுக்கு வந்து தொழுகை நடத்தியபோது, இம்ரான் (ரலி) அவர்களும் அவர்களின் மாணவர் முதர்ரிஃப் (ரஹ்) அவர்களும் பின்னால் தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் முதர்ரிஃபின் கையைப் பிடித்து, இந்தத் தொழுகை நபி (ஸல்) அவர்களின் தொழுகையை நினைவுபடுத்திவிட்டது என்று மகிழ்ந்தார்கள். இது புகாரியில் உள்ளது.

இன்னொரு நாள், ஓரங்களில் வேலைப்பாடு கொண்ட உயர்ந்த சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு மக்கள் முன் வந்தார்கள். அப்படி ஒரு சால்வையில் அவர்களை யாரும் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அல்லாஹ் ஓர் அடியானுக்குத் தந்த அருட்கொடையின் அடையாளம் அவன் மீது தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற நபிமொழியை அன்று அறிவித்தார்கள்.

இந்தச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? நீண்ட நோய் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பள்ளிக்கு வர முடிந்த நாட்களும் உண்டு, புரண்டு படுக்க முடியாத நாட்களும் உண்டு. இதைப் புரியாமல்தான் நாம் பாவத்தில் விழுகிறோம். “நேற்று கல்யாணத்தில் பார்த்தேனே, நன்றாகத்தானே இருந்தார், இன்று ஜமாஅத்துக்கு வர முடியவில்லையாம்” என்று பேசுகிறோம். அந்த ஒரு மணி நேரக் கல்யாணத்திற்காக அவர் இரண்டு நாள் படுத்திருந்ததை நாம் பார்க்கவில்லை. நல்ல ஆடை உடுத்தியிருந்தால் நோய் பொய் என்று ஆகிவிடுமா? நோயாளியின் நல்ல நாளை அவருக்கு எதிரான சாட்சியாக ஆக்காதீர்கள்.

பார்க்கத் தயங்கியவர்

அந்த மாணவர் முதர்ரிஃப் (ரஹ்) அவர்கள் பெரிய தாபியீ. ஆசிரியர் மீது மிகுந்த அன்புள்ளவர். ஆனாலும் ஒரு காலத்தில் அவர்களைப் பார்க்க வரத் தயங்கினார்கள். காரணத்தை ஆசிரியரிடமே மறைக்காமல் சொன்னார்கள். உங்களை இந்த நிலையில் பார்க்கத் தாங்கவில்லை, அதுதான் என்னைத் தடுக்கிறது என்ற கருத்தில் பேசினார்கள்.

இம்ரான் (ரலி) அவர்கள் கோபப்படவில்லை. அப்படிச் செய்யாதீர், அல்லாஹ்வுக்கு எது மிகவும் பிரியமோ அதுவே எனக்கும் பிரியம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். முப்பது ஆண்டு நோயாளி, ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள்!

நாம் எத்தனை பேர் இதே காரணத்தைச் சொல்லி ஒதுங்கியிருக்கிறோம்? “அவரை அந்தக் கோலத்தில் பார்க்க மனசு கேட்கலை” என்கிறோம். கேட்பதற்குப் பாசம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதில் நாம் காப்பாற்றிக்கொள்வது நம் மனதை மட்டும்தான். நோயாளிக்குக் கிடைப்பது பூட்டிய வாசல். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள், பழக்கூடைகள். ஆறாவது மாதம் நெருங்கிய சொந்தங்கள் மட்டும். இரண்டாம் வருடம் யாரும் இல்லை. நோய் அதேதான், வருபவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

தம் வாழ்வின் கடைசிக் காலத்தில் முதர்ரிஃபை அழைத்து ஒரு ரகசியத்தைச் சொன்னார்கள் இம்ரான் (ரலி). உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது, மவ்த்துக்குப் பிறகு விரும்பினால் சொல்லலாம் என்று உறுதி வாங்கிக்கொண்டார்கள். மலக்குகள் தமக்கு ஸலாம் சொல்லி வந்தார்கள் என்பதே அந்த ரகசியம். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது.

மனிதர்கள் வரத் தயங்கிய நோயாளியிடம் மலக்குகள் ஸலாம் சொல்லி வந்தார்கள். இனி ஒரு நோயாளி வீட்டு வாசலில் உங்கள் கால் தயங்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூடு போட்ட செய்தி

அந்த ரகசியத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அந்தக் காலத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் உடலில் சூடு போடுவது ஒரு சிகிச்சை. நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை என்ற செய்தியை அறிவித்தவர்களில் இம்ரான் (ரலி) அவர்களும் ஒருவர். அதனால் ஆண்டுக்கணக்கில் சூடு போட மறுத்தே வந்தார்கள். மவ்த்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சூடு போட்டுக்கொண்டார்கள். பலன் கிடைக்கவில்லை. மலக்குகளின் ஸலாமும் நின்றுபோனது. பிறகு அதை விட்டுவிட்டதும் ஸலாம் திரும்பி வந்தது.

இதை வைத்துக்கொண்டு, மருந்தை நிறுத்திவிட்டால் மலக்குகள் வருவார்கள் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள்! மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கு மருத்துவரை அனுப்பி வைத்தார்கள். ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமடைந்தபோது தம் கையாலேயே சூடு போட்டார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான், தேவையில்லாமல் அந்தக் கடும் சிகிச்சையை நாடுவது விரும்பத்தக்கதல்ல என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். எனவே டயாலிசிஸை நிறுத்துவதற்கும், இன்சுலினை விடுவதற்கும் இந்தச் செய்தியில் ஆதாரம் இல்லை.

இதில் நமக்கு வேறொரு பாடம் இருக்கிறது. பல்லாண்டு பொறுமை காத்த ஒரு ஸஹாபியும் ஒரு கட்டத்தில், இதையும் செய்து பார்ப்போமே என்ற இடத்திற்கு வந்தார்கள். வலி மனிதரை அங்கே கொண்டுபோய் நிறுத்தும். உங்கள் வீட்டு நோயாளி ஒரு நாள் அழுதால், எரிந்து விழுந்தால், ஈமான் குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முப்பது நிமிடம் முதுகு வலித்தால் நாம் எப்படி இருப்போம் என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசி வஸிய்யத்

தமக்காக ஓலமிட்டு அழக் கூடாது என்றும், அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும் அறுத்து மக்களுக்கு உணவளியுங்கள் என்றும் வஸிய்யத் செய்துவிட்டு, ஹிஜ்ரி 52ல் பஸராவில் தம் இறைவனிடம் சென்றார்கள். ரலியல்லாஹு அன்ஹு.

நீங்கள் செய்ய வேண்டியது

நீங்கள் நோயாளியாக இருந்தால்: முடிந்தபடி தொழுங்கள். ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி நோயின்போதும் எழுதப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். சிறுநீர்ப் பை, தொடர் கசிவு, மாத்திரையால் விட்டுப்போகும் நோன்பு என எதுவானாலும் கூச்சப்படாமல் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். இம்ரான் (ரலி) கேட்டதுபோலக் கேளுங்கள். எழவே முடியாத நாட்பட்ட நோயாளிக்கு நோன்புக்குப் பதிலாக ஃபித்யா என்ற வழி இருக்கிறது. மருத்துவர் தடுத்த பிறகும் நோன்பு பிடித்து உடலைக் கெடுத்துக்கொள்வது பேணுதல் ஆகாது.

நீங்கள் கவனிப்பவராக இருந்தால்: பத்ருப் போர் நடந்தபோது நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனிக்க உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவர்களுக்கும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஸஈத் இப்னு ஸைத் (ரலி) நோயுற்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்ததும், ஜும்ஆ நேரம் நெருங்கிய நிலையிலும் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாகனமேறி அவர்களிடம் போனார்கள், அன்று ஜும்ஆவை விட்டார்கள். விட்டுவிட்டு வர முடியாத நோயாளியைக் கவனிப்பவருக்கு மார்க்கம் தரும் மதிப்பு இது. நோயாளியைத் தனியே விட முடியாமல் ஜும்ஆவுக்கு வராமல் போனவர், குற்ற உணர்வில் வாட வேண்டியதில்லை.

நீங்கள் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருந்தால்: சென்று பாருங்கள், குறைவாகப் பேசுங்கள். “இன்னார் இதே நோயில்தான் மவ்த்தானார்” என்ற கதைகள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த மருந்தும் வேண்டாம். கவனிப்பவரிடம், நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள் என்று சொல்லுங்கள். பழக்கூடையைவிட அந்த இரண்டு மணி நேரத் தூக்கம் பெரியது. அந்த வீட்டு ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை: தாயைக் கவனிக்கும் பொறுப்பை மனைவி மீது போட்டுவிட்டுப் பள்ளியில் முதல் ஸஃப்பில் நின்றால் மட்டும் போதாது. பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை முதலில் பிள்ளைகளுக்குரியது.

ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்யலாம். மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலை எடுங்கள். வாரம் ஒரு வீடு என்று இளைஞர்களைப் பிரித்து அனுப்புங்கள். சக்கர நாற்காலி, நீர்ப்படுக்கை வாங்கி வைத்துத் தேவைப்படுவோருக்குக் கொடுங்கள். பள்ளியின் வாசற்படி ஓரத்தில் ஒரு சாய்தளம் கட்டுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. நீங்கள் போய் ஆறு மாதத்திற்கு மேலாகிவிட்ட ஒரு நோயாளியின் பெயரை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. ஷிஃபா தாமதமானால் பொறுமையையும் துணையையும் தருவாயாக. அவர்களைக் கவனிப்போரின் உடலுக்கு வலுவையும் உள்ளத்திற்கு ஆறுதலையும் தருவாயாக. நாங்கள் மறந்துபோன வீடுகளுக்கு எங்களை மீண்டும் அழைத்துச் செல்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.